காடு போனால் காய்ச்சலும் போகும் என்று வாசித்தவன்

என் அக்கா பெற்ற ராசாவே, ஈய எழுத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டே நேராக வாசித்த என் மருமகனே இன்னாசி,

நீ கண்ணை மூடி, வருகிற புதன்கிழமையோடு ஒரு வருஷம் ஆகிறது. கோயிலில் பூசைக்குச் சொல்லியாகிவிட்டது. இந்தக் கடிதத்தை நீ அச்சுக்கோத்த அதே அச்சுக்கூடத்தின் பத்திரிகையில் போட ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். உன் இடத்தில் இப்போது இருக்கிறவர் எழுத்துப் பிழையை மட்டும் திருத்துவதாகச் சொன்னார். "மத்ததையெல்லாம் நான் தொடமாட்டேன் அண்ணே, அது உங்க பாடு" என்றார். என்னைப் பற்றி அவருக்கும் யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள்.

முதலில் நல்ல சேதி. மாடுகள் இரண்டும் சௌக்கியம். போன மாதம் தண்ணிமலைக்குப் போகிற சடக்கில் என் செவலை ஒரு துரையின் மோட்டார் காரை முந்திவிட்டது. நீ சிரிப்பது தெரிகிறது. சரி, கார் நின்றுகொண்டிருந்தது. துரை இறங்கி டயரைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருந்தாலும் முந்தியது முந்தியதுதானே?

நல்ல சேதி அவ்வளவுதான் மாப்ளே. மற்றதைச் சொல்லத்தான் ஆறு மாதமாக வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். எனக்கு வார்த்தை கிடைக்காமல் போகும் என்று நீ நினைத்திருப்பாயா?

இதைப் படிக்கிறவர்களுக்கும் ஒரு விவரம் சொல்லிவிடுகிறேன். ஜெலுத்தோங்கில் எங்கள் மாட்டுவண்டிப் பேட்டையில் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வாசிப்பு நடக்கும். அச்சுக்கூடத்தில் மை கொட்டியது, கோணலாக விழுந்தது என்று கழித்துப்போடும் தாள்களை இன்னாசி சுருட்டிக்கொண்டு வருவான். வண்டியின் ஏர்க்காலில் உட்கார்ந்து வாசிப்பான். நாங்கள் வண்டிக்காரர்கள் முந்நூறு பேர் சுற்றி நின்று கேட்போம். பதினாறு பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பேட்டையில் ஒரு வழக்கம் உண்டு. வாசிக்கிறவர் தாளை மடிக்கும்வரை யாரும் வாய் திறக்கக்கூடாது. மடித்துவிட்டால் யார் வேண்டுமானாலும் என்ன வேண்டுமானாலும் கேட்கலாம்.

உன் கடைசி வருஷத்தில் நீ கொண்டுவந்ததெல்லாம் ஒரே கட்டுரையின் தாள்கள். முதலாளித்துவம் மலையை என்ன செய்கிறது, ஆற்றை என்ன செய்கிறது, கடலை என்ன செய்கிறது என்று பக்கம் பக்கமாகப் போயிற்று. எழுதியவர் யார் என்று எங்களுக்குத் தெரியாது. பெயர் போட்ட முதல் தாள் நன்றாக அச்சாகியிருக்க வேண்டும், அதனால் உன் கைக்கு வரவில்லை.

இருமிக்கொண்டே நீ வாசித்தது இன்னும் காதில் இருக்கிறது. மலை காடாக நிற்கிற வரைக்கும் அதற்கு விலை கிடையாது, வெட்டினால்தான் விலை, அதனால் வெட்டுவான், வெட்டியவன் வேறு மலைக்குப் போய்விடுவான், சேறு மட்டும் இங்கே தங்கும் என்று வாசித்தாய். தாளை மடித்ததும் சூசைதான் முதலில் கேட்டான்.

"வெட்டலன்னா நமக்கு வண்டி வேல ஏது இன்னாசி? மரத்த ஏத்துறது யாரு, நாமதான?"

"அதுக்கு அடுத்த பக்கத்துல பதில் இருக்கு அண்ணே. அந்தப் பக்கம் சுத்தமா அச்சாயிருச்சு, எனக்குக் கிடைக்கல."

பேட்டையே சிரித்தது. நானும் சிரித்தேன். "பதில நான் சொல்றேன் கேளுங்கடா" என்று ஆரம்பித்தேன், நீ என் கையைப் பிடித்து, "மாமா, இல்லாத பக்கத்த நீங்க எழுதாதீங்க" என்றாய். எல்லாருக்கும் முன்னால் சொன்னாயே என்று எனக்குக் கோபம். இரண்டு நாள் உன்னோடு பேசவில்லை. அந்த இரண்டு நாளையும் இப்போது யார் எனக்குத் திருப்பித் தருவது?

நீ போனபிறகு பேட்டையில் வாசிக்க ஆள் இல்லை. "இன்னாசி மாமா இருக்காரே, எட்டாவது படிச்சவரு" என்றார்கள். எட்டாவது என்று சொல்லி வைத்தவன் நான்தான். உனக்குத் தெரியும், நான் மூன்றாவது. அதிலும் பாதி நாள் வாத்தியாருக்கு வெற்றிலை வாங்கப் போய்விடுவேன். எழுத்துக் கூட்டுவேன், பாரம் ஏற்றின வண்டி மேட்டில் ஏறுகிற மாதிரி. அந்த வேகத்தில் வாசித்தால் யார் கேட்பார்கள்?

அதனால் ஒரு வழி கண்டுபிடித்தேன். நீ விட்டுப்போன தாள்களில் ஒன்றை எடுத்து, அதன் முதல் வரியை வீட்டிலேயே கூட்டிக் கூட்டி மனப்பாடம் பண்ணிக்கொள்வேன். பேட்டையில் அந்த ஒரு வரியைக் கம்பீரமாக வாசிப்பேன். பிறகு தாளைப் பார்த்தபடியே என் இஷ்டத்துக்கு ஓட்டுவேன். கடைசிவரை தாளை மடிக்கவே மாட்டேன். சாப்பாட்டு நேரம் வந்துவிடும், எல்லாரும் எழுந்து போய்விடுவார்கள். உன்னைவிட நான் நன்றாக வாசிக்கிறேன் என்று நாலு பேர் சொன்னார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

அந்த ஞாயிற்றுக்கிழமை கையில் இருந்த தாள் பாதியில் நின்றது. இந்தத் தடவை முதல் வரியோடு கடைசி வரியையும் ஒரு வாரம் கூட்டி வைத்திருந்தேன். "மலைக்காட்டை அழித்த இடங்களில் காய்ச்சலானது" என்று இருந்தது. அதோடு தாள் முடிந்தது. எதிரே சூசை நின்றுகொண்டிருந்தான். அவனுடைய மாடு ஒன்று செத்து, லாரிக்காரர்கள் அவன் வாடிக்கையை எடுத்துக்கொண்டு, மூன்று மாதமாக வேலை இல்லாமல் நின்றவன். ஆயர் ஈத்தாமுக்கு மேலே புதிதாய்க் காடு வெட்டி ரப்பர் நடுகிற சரிவில் ஒரு கம்பெனி குடிசை கொடுத்து ஆள் சேர்த்துக்கொண்டிருந்தது. போகலாமா வேண்டாமா என்று அவனுக்குத் தவிப்பு. காய்ச்சலுக்குப் பயந்து அவன் பெண்சாதி லூர்து ஒத்துக்கொள்ளவில்லை. அவன் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? லண்டனிலிருந்து ஒரு டாக்டரை வரவழைத்தேன். அவருக்கு இடுப்புவரை தாடி வைத்தேன். பர்மாவுக்கும் சயாமுக்கும் யானைமேல் அனுப்பினேன். காய்ச்சல் காட்டு இருட்டில்தான் குடியிருக்கிறது, அழுகின இலையில்தான் பிறக்கிறது, வெயில் பட்ட இடத்தில் ஒரு மணி நேரம் தங்காது என்று அவர் கண்டுபிடித்தார். தெளிந்த ஓடுதண்ணீரில் கொசு முட்டையிட்டால் தண்ணீர் அதை அடித்துக்கொண்டு போய்விடும் என்றும் சொல்லவைத்தேன். "ஆகவே, காடு போனால் காய்ச்சலும் போகும்" என்று முடித்தேன். தாளைப் பார்த்துக்கொண்டே முடித்தேன்.

பேட்டையே தலையாட்டியது. அவ்வளவு நன்றாக அமைந்துவிட்டது. யாருக்கும் நான் கெடுதல் நினைக்கவில்லை மாப்ளே. சூசையின் முகம் தெளிவதைப் பார்க்க நன்றாக இருந்தது, அவ்வளவுதான்.

அடுத்த வாரமே அவர்கள் மலைக்குப் போனார்கள். சாமான் ஏற்றிப் போனது என் வண்டிதான். ஒரு பெட்டி, இரண்டு பாய், அண்டா, மாதா படம், மேலே உட்கார்ந்தபடி அவர்கள் மகள், ஒன்பது வயது ரோசம்மா. வழியெல்லாம் அவளுக்குப் புலிக்கதை சொன்னேன். கொடிமலையில் நான் வெறுங்கையோடு விரட்டிய புலி. இறங்கும்போது வண்டி வெறுமையாக வரவேண்டாம் என்று வெட்டிக்கிடந்த மரத்தை ஏற்றிக்கொண்டு வந்தேன். அன்றைக்கு அது நல்ல சாமர்த்தியமாகத் தெரிந்தது.

மூன்று மாதம் கழித்து அக்கா உன் டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். அதுவரை அவளுக்கு மனசு வரவில்லை. உன் சட்டைகளுக்கு அடியில், பெட்டித் தகரத்தின் துரு படாமல் இருக்க நீ ஒரு தாள் விரித்திருந்தாய். எடுத்துப் பார்த்தேன். பாதி வரியில் ஆரம்பித்தது. எந்தப் பாதி என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது.

அந்தத் தாளை வாசிக்க ஆறு நாள் ஆயிற்று. மாட்டுக்குத் தண்ணி காட்டிவிட்டு வந்து உட்காருவேன். ஒரு வரி கூட்டுவேன். கூட்டி முடிப்பதற்குள் முன் வரி மறந்துவிடும், மறுபடி அங்கே போவேன். அதில் தாடி வைத்த டாக்டர் இல்லை. யானை இல்லை. மரநிழலில் ஓடுகிற மலை ஓடையால் தீங்கில்லை, காட்டை வெட்டி வெயில் விழவைத்தால் அந்தத் தெளிந்த ஓடுதண்ணீரில்தான் ஒரு ஜாதிக் கொசு பெருகும், காய்ச்சலும் அதோடு பெருகும் என்று இருந்தது. கம்பெனிக்காரன் கணக்கில் வெட்டின மரம் உண்டு, நட்ட கன்று உண்டு, நடுங்கிக் கிடக்கிறவன் மட்டும் எந்தப் பக்கத்திலும் வரமாட்டான் என்று இருந்தது.

நான் சொன்னதற்கு நேர் எதிர். ஏதோ பக்கத்து ஊருக்கு வழி தவறின மாதிரி இல்லை மாப்ளே. கிழக்கே போகச் சொல்லவேண்டியவனை மேற்கே அனுப்பியிருக்கிறேன்.

அதற்குப் பிறகு நிறுத்த முடியவில்லை. உன் பழைய தாள்களையெல்லாம் எடுத்து முதலிலிருந்து கூட்டினேன். கேட்டபோது உன் குரலைத்தான் கேட்டிருக்கிறேன், விஷயத்தைக் கேட்கவில்லை என்று இப்போது புரிகிறது. வாசித்தவன் கண்ணுக்கு ஊரே மாறிப்போயிற்று. அக்கரைப் பட்டர்வொர்த்துக்குப் படகில் போனால் முன்பெல்லாம் கடல் காற்று வாங்குவேன். இப்போது ஆறு கடலில் சேருகிற இடத்தில் நிற்கும் கலங்கலைப் பார்க்கிறேன். எந்த மலையைக் கழுவி ஈயம் எடுத்த சேறோ அது. ஈயம் உருக்குகிற உலைப் புகையைப் பார்த்து "மழை வருது" என்று மாட்டை விரட்டினவன் நான். இப்போது அந்தப் புகைக்குக் கீழே துணி காயப்போடுகிற பொம்பளைகளைப் பார்க்கிறேன். ஒரு புல் இருக்கக்கூடாது என்று செதுக்கி எடுத்த ரப்பர் சரிவைப் பார்க்கும்போது, மழை பெய்தால் மண் எந்தப் பக்கம் ஓடும் என்று கண் தானாகத் தேடுகிறது.

இதையெல்லாம் தெரிந்துகொண்டு நீ எப்படி ராத்திரி தூங்கினாய்? தெரிந்துகொண்டே எப்படி எங்களோடு சிரித்தாய்? எனக்கு முடியவில்லை. நான் ஏற்றாத மரமா, நான் இறக்காத மூட்டையா? அந்த மலையை வண்டி வண்டியாக இறக்கினவர்களில் நானும் ஒருவன். இனி ஏற்றமாட்டேன் என்று சொன்னால் லாரி ஏற்றும். என் செவலை நின்றால் மலை நிற்குமா?

ஏழாம் நாள் தாளைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு மலைக்கு ஏறினேன்.

ஓடை அழகாக இருந்தது இன்னாசி. அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. முன்பு இருட்டில் சத்தம் மட்டும் கேட்கும். இப்போது இரண்டு கரையும் மொட்டை, வெயில் நேராக விழுந்து, அடியில் கிடக்கிற கூழாங்கல்லை எண்ணலாம். குனிந்து குடிக்கத் தோன்றுகிற தண்ணீர்.

ஓடைக்குப் பக்கத்தில் மண்டோர் நின்றுகொண்டிருந்தார். கம்பெனிக்கு ஆள் சேர்ப்பது அவர் பொறுப்பு. அவரோடு அன்றைக்குத்தான் வந்து இறங்கிய ஒரு குடும்பம், மூட்டையைக்கூடக் கீழே வைக்கவில்லை. என்னைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"வாங்கண்ணே, வாங்க. இந்தா, நான் சொன்னேன்ல, இவருதான். பெரிய படிப்பாளி. காடு போனா காய்ச்சலும் போகும்னு புத்தகத்துலயே போட்டிருக்குன்னு வாசிச்சுச் சொன்னது இவருதான்."

அந்தக் குடும்பத்துத் தகப்பன் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டான். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒரு நொடி எனக்குப் பெருமையாக இருந்தது. ஒரு நொடிதான். பிறகுதான் உறைத்தது. என் வாயில் வந்த பொய்யை எடுத்து அவர்கள் ஆள் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். மரத்தை எடுத்தார்கள், மண்ணை எடுத்தார்கள், என்னிடம் இருந்தது கதை, அதையும் எடுத்துக்கொண்டார்கள்.

"அது புத்தகத்துல இல்ல, நானா சொன்னது" என்றேன்.

மண்டோர் அந்தக் குடும்பத்தைப் பார்த்து, "பாத்தீங்களா, எவ்வளவு அடக்கம்" என்றார்.

சூசையின் குடிசைக்குப் போனேன். நல்ல உச்சி வெயில். வெளியே கல்லில் கால் வைக்க முடியவில்லை. உள்ளே இரண்டு சாக்குக்கு அடியில் ரோசம்மா நடுங்கிக்கொண்டிருந்தாள். ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிற முறைக்காய்ச்சல். பல் அடித்துக்கொள்கிற சத்தம் வாசல்வரை கேட்டது. லூர்து அவள் காலைத் தன் மடியில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். சூசையும் மஞ்சள் பூத்துப்போயிருந்தான்.

அவர்கள் முன்னால் உட்கார்ந்து உன் தாளை விரித்தேன். என் சொந்த வேகத்தில், எழுத்துக் கூட்டி, திக்கித் திக்கி வாசித்தேன். நான் அப்படி வாசிப்பதை அவர்கள் கேட்டதே இல்லை. முடிந்ததும் தாளை மடித்து முன்னால் வைத்தேன்.

சூசை தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். "அப்ப ரெண்டுல எது நெசம் அண்ணே? அன்னைக்கும் தாளப் பாத்துத்தான வாசிச்சீங்க?"

"தாளப் பாத்துக்கிட்டே பொய் சொன்னேன் சூச."

"வெளையாடாதீங்க அண்ணே. லண்டன் டாக்டரு, யானை, அதெல்லாம் ஒருத்தன் சும்மா சொல்ல முடியுமா?"

"என்னால முடியும். எனக்கு அது மட்டும்தான் முடியும்."

அவன் எழுந்து நின்றான். அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை. "அன்னைக்கு மடிச்சிருந்தீங்கன்னா நான் ஒரு கேள்வி கேட்டிருப்பேன் அண்ணே" என்றான். "எங்கூட்டுப் புள்ளைக்கு நீங்க உத்தரவாதமான்னு கேட்டிருப்பேன்."

லூர்து குரலை உயர்த்தவே இல்லை. "சரி அண்ணே, எறங்கிடறோம். எங்க போறதுன்னு சொல்லுங்க. ஜெலுத்தோங்ல வாடக வீட்டுக்கு வழியில்ல. அக்கரையில தோட்டத்துக்குப் போனா அங்கயும் இதே மாதிரி புதுசா வெட்டுன மலைதானாம். எங்கண்ணன் ஆத்தோரத்துல இருந்தான், சேறு ஏறி அவன் வீட்டையே முழுங்கிடுச்சு. உங்க தாளுல போறதுக்கு ஒரு எடம் எழுதியிருக்கா?"

தாளைப் பிரித்துப் பார்த்தேன். திருப்பியும் பார்த்தேன். பின்பக்கத்தில் மை ஊறிய கறை மட்டும் இருந்தது. "இல்ல" என்றேன்.

கடைசியில் லூர்துதான் சொன்னாள். "புள்ளைய வேணா கூட்டிட்டுப் போங்க. நாங்க எறங்குனா இந்தக் குடிசைய நாளைக்கே வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க. இதுவும் போச்சுன்னா அப்புறம் ஒண்ணுமே இல்ல."

ரோசம்மாவைச் சாக்கோடு தூக்கி வண்டியில் படுக்கவைத்துக் கொண்டுவந்தேன். இப்போது அவள் உன் கட்டிலில்தான் படுத்திருக்கிறாள். அக்கா அவளுக்குக் கஞ்சி ஊட்டுகிறாள், கொயினா மருந்தைத் தேனில் குழைத்துக் கொடுக்கிறாள். உனக்குச் செய்தது போலவே எல்லாம் செய்கிறாள், அதைப் பார்க்கத்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. பிள்ளையின் விலாவுக்குக் கீழே காய்ச்சல்கட்டி ஒரு தேங்காய்மூடி அளவு இருக்கிறது. ஆஸ்பத்திரி டாக்டர் அழுத்திப் பார்த்துவிட்டு, "மறுபடி மலைக்கு அனுப்பினால் என்னிடம் கொண்டுவராதீர்கள்" என்று மட்டும் சொன்னார். பிழைப்பாளா என்று நான் கேட்டதற்கு அவர் கையைக் கழுவப் போய்விட்டார்.

பேட்டையிலும் சொல்லிவிட்டேன். நான் மூன்றாவதுதான் என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். ரொம்ப நேரம் சிரித்தார்கள். இதுவும் என் கதைகளில் ஒன்று என்று நினைத்துவிட்டார்கள். அவர்களில் இரண்டு பேர் போன வாரம் மலைக்குக் குடி போயிருக்கிறார்கள். வண்டிக்கு என்னைக் கூப்பிட்டார்கள், மறுத்தேன். லாரியில் போனார்கள்.

நேற்று மத்தியானம் காய்ச்சல் ஏறுகிற நேரம். ரோசம்மா கண்ணைத் திறந்து என்னைத் தேடினாள்.

"மாமா, காய்ச்சல் போயிரும்னு ஒண்ணு வாசிச்சீங்கன்னு அப்பா சொன்னாரே. அத எனக்கு வாசிங்க."

"அது தாளுல இல்ல கண்ணு. நானா சொன்னது."

என் பக்கம் திரும்பினாள். பல் கிட்டிக்கொண்டிருந்தது.

"பரவால்ல மாமா. நீங்களே சொல்லுங்க."

சொல்ல வாயைத் திறந்தேன். வாழ்நாளில் முதல்முறையாக எனக்கு ஒன்றும் வரவில்லை. உன் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் காத்துக்கொண்டிருந்தாள். காத்துக்கொண்டே நடுங்க ஆரம்பித்தாள்.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் மாப்ளே? நீயாக இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

மலைக்கு நான் வரக்கூடாது என்று மண்டோர் ஆள் விட்டுச் சொல்லியிருக்கிறார். ஏறுகிற வழியில் கட்டை போட்டுவிட்டார்கள். கட்டைக்கு இந்தப் பக்கம் சர்க்கார் சடக்கு, அதில் நிற்க யாரும் தடுக்க முடியாது. புதிதாய் வருகிற குடும்பம் எதுவானாலும் அந்த இடத்தைத் தாண்டித்தான் ஏறவேண்டும். ஞாயிறு தவறாமல் அங்கே நிற்பேன். எழுதியிருப்பதை மட்டும், என் நொண்டி வேகத்தில், மூட்டையோடு வருகிற ஒவ்வொருவருக்கும் வாசிப்பேன். எங்கே போவது என்று கேட்பார்கள். தெரியாது என்று சொல்வேன். நிற்காமல் ஏறிப் போவார்கள், அதுவும் எனக்குத் தெரியும். ஆனாலும் வாசிப்பேன் என்று உன்மேல் ஆணையாகச் சொல்கிறேன். இதில் ஒரு சொல்கூட நான் சேர்த்துச் சொன்னது இல்லை.

உன்னை மடியில் வைத்துக் காது குத்திய,
உன்னிடம் தாமதமாக எழுத்துக் கூட்டக் கற்ற,
உன் தாய்மாமன்
ஆரோக்கியம்
ஜெலுத்தோங், பினாங்கு